பைசன் எழுந்து போகும் வரை

"அது காடே இல்லப்பா, வேலி போட்ட பெரிய ஜூ" என்றார் நண்பர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமைகள் மேயும் தியடோர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவில் நாங்கள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுத் திரும்பியிருந்த வாரம் அது. அவர் வீட்டில் சாப்பிட்டு முடித்து, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தோம். அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் இல்லை. படித்துவிட்டுத்தான் பேசுவார். "அந்தப் பூங்காவைச் சுத்தி ஏழடி உயரத்துக்குக் கம்பி வேலி இருக்கு. பைசன் எண்ணிக்கை கூடிப்போனா விரட்டிப் பிடிச்சு, ரத்தம் எடுத்துப் பார்த்து, அதிகப்படியானதை லாரியில ஏத்தி அனுப்புறாங்க. ஹெலிகாப்டர் வெச்சுகூட ஓட்டியிருக்காங்க. அப்புறம் மாட்டுப்பண்ணைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். அவர் சொன்ன ஒவ்வொரு தகவலும் உண்மை. ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அதற்குப் பிறகு பல வாரங்களாகவும் அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. இதை எழுதுவதே அதனால்தான்.

தியடோர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவைப் பற்றி நம் ஆட்கள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. பைசன் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் யெல்லோஸ்டோனுக்குப் போகிறார்கள். இந்தப் பூங்கா துண்டு துண்டாக மூன்று இடங்களில் இருக்கிறது. நெடுஞ்சாலை 94-ஐ ஒட்டி, மெடோரா ஊருக்குப் பக்கத்தில் இருப்பது தெற்குப் பகுதி. வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே மேற்கே போய்விடுவார்கள். வடக்குப் பகுதிக்குப் போக, பெல்ஃபீல்டில் இறங்கி 85-ஆம் எண் சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். வழியெல்லாம் எண்ணெய் லாரிகள்தான். பாக்கன் எண்ணெய் வயலின் நடுவே போகும் சாலை அது. இரண்டு பக்கமும் தட்டையான புல்வெளி, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் பம்புகள், ஆங்காங்கே தீ எரியும் குழாய்கள். இந்த ரோட்டில் காடு எங்கே இருக்கப்போகிறது என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் தரை சட்டென்று கீழே இறங்கிவிட்டது. லிட்டில் மிசௌரி ஆறு லட்சக்கணக்கான ஆண்டுகளாக அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. சாம்பல், மஞ்சள், கறுப்பு என்று அடுக்கடுக்காகக் களிமண் குன்றுகள். அடியில் ஆற்றின் ஓரமாக மட்டும் ஒரு பச்சைக் கோடு. அந்தப் பச்சைக் கோட்டுக்குள்தான் கூடாரம் போட்டுத் தங்கும் இடமான ஜூனிபர் கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது.

வசதி என்று பார்த்தால் குறைவுதான். குடிதண்ணீர்க் குழாய், கழிப்பறை, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேசை, ஓர் அடுப்பு வளையம். மின்சாரம் கிடையாது, குளிக்க இடம் கிடையாது. நாங்கள் போனபோது முன்பதிவும் கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். ஜூன் மாத நடுவில், வார நாளில் போனதால் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது. காட்டன்வுட் மரங்களின் பஞ்சு காற்றில் பறந்து வந்து கூடாரத்தின் மேல் படிந்துகொண்டிருந்தது. அந்த ஊர் மத்திய நேர மண்டலத்தின் மேற்குக் கோடியில் இருப்பதால் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை தாண்டியும் வெயில் அடிக்கிறது. மகளைத் தூங்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மேசையைக் கவனித்தேன். ஒரு முனை மட்டும் வழவழவென்று, எண்ணெய் தடவியதுபோல மின்னியது. பக்கத்தில் இருந்த காட்டன்வுட் மரத்திலும், என் இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரை பட்டை தேய்ந்து பளபளத்தது. அந்தத் தடித்த பட்டையின் பிளவுகளில் பழுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக முடி சிக்கியிருந்தது. குளிர்காலத்துக்கென்று வளர்ந்த உள்முடியை பைசன்கள் ஜூன் மாதத்தில் உதிர்க்கும். உடம்பெல்லாம் அரிக்கும். மரம், பாறை, மேசை என்று எது கிடைத்தாலும் போய்த் தேய்த்துக்கொள்ளும். மகள் ஒரு கொத்தை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்தாள். நான் நினைத்ததைவிட மிகவும் மெல்லியதாக, பஞ்சைவிட மிருதுவாக இருந்தது. லேசாக மண் வாசனையும் மாட்டுக்கொட்டகை வாசனையும் அடித்தது. பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்பதால் மேசையிலேயே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னப் பறவை வந்து அதில் ஒரு பகுதியைக் கூட்டுக்குக் கொத்திக்கொண்டு போனது.

பக்கத்து இடத்தில் ஒரு சின்ன டிரெய்லரில் வயதான அம்மா ஒருவர் தனியாகத் தங்கியிருந்தார். அந்த மாநிலத்துக்காரர். வருஷாவருஷம் ஜூனில் வந்துவிடுவாராம். நாங்கள் கூடாரம் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து, "பின்பக்கக் கதவு அந்தப் புதர்ப் பக்கமாக இருக்கட்டும், முன்பக்கம் பயன்படாமல் போகலாம்" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, அடுப்பு வளையத்துக்குப் பக்கத்தில் புல் இல்லாமல் வட்டமாகக் கிடந்த மண்ணைக் காட்டினார். பைசன் படுத்துப் புரளும் இடம் அது. கூடாரத்தை இன்னும் நாலு மரம் தள்ளிப் போடலாமா என்றோம். சிரித்தார். எங்கே போட்டாலும் இதே கதைதான் என்றார்.

அந்த இரவில் அமைதி எப்படி இருந்தது என்று கேட்டால், நிசப்தமாக இல்லை என்றுதான் சொல்வேன். ஆற்றோரத்தில் தவளைகள், குன்றின் மேலே கயோட்டிகள் என்ற சின்ன ஓநாய்கள் சேர்ந்து ஊளையிட்டது, காட்டன்வுட் இலைகள் காற்றில் மழை பெய்வதுபோலச் சலசலத்தது. மனிதர் சத்தம்தான் இல்லை. இரவில் எந்நேரமோ விழித்தபோது வேறொரு சத்தம் கேட்டது. புல்லைக் கொத்தாகப் பிடித்துப் பிய்க்கும் சத்தம். சர்ர்க் என்று ஒரு பிய்ப்பு, பிறகு மெல்லும் சத்தம், பிறகு மூக்கால் விடும் பெருமூச்சு. அது கூடாரத்தைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. மனைவியும் விழித்திருந்தாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படுத்திருந்தோம், பேசவில்லை. 900 கிலோ வரை எடை இருக்கக்கூடிய, மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ஒன்று நைலான் துணிக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பயம் இருந்தது. ஆனால் அந்தச் சாப்பாட்டுச் சத்தம் அவ்வளவு நிதானமாக இருந்தது. கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

காலை

ஆறு மணிக்கு விடிந்தது. கண் விழித்தபோது வலைக் கதவுக்கு வெளியே, சுமார் பதினைந்து அடி தூரத்தில், அந்த மண் வட்டத்தில் ஒரு காளை படுத்திருந்தது. கார் அதற்கு அந்தப் பக்கம். தண்ணீர்க் குழாய் அதற்கும் அந்தப் பக்கம். பைசனிடமிருந்து குறைந்தது 25 கஜம், அதாவது 75 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது பூங்கா விதி. நாம் அதை நோக்கிப் போகும்போது அந்த விதியைக் கடைப்பிடிக்கலாம். அது நம்மை நோக்கி வந்து படுத்துவிட்டால், அசையாமல் இருப்பதும், அவசியமானால் எதிர்ப்பக்கமாக விலகிப் போவதும்தான் வழி. அந்த அம்மா சொன்ன பின்பக்கக் கதவின் அருமை அப்போது புரிந்தது. மகள் அந்த வழியாகப் புதர்ப் பக்கம் போய்விட்டு வந்தாள். பிறகு மூவரும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டோம்.

அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் ஒரு காட்டு விலங்கைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை. முதல் கால் மணி நேரம் படமெடுத்தேன். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டேன். தலை அவ்வளவு பெரியது. உடம்பின் பின்பாதியில் முடியெல்லாம் உதிர்ந்து தோல் தெரிந்தது. முன்பாதியில் மட்டும் கம்பளி தொங்கியது. அசை போட்டுக்கொண்டே இருந்தது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை தொண்டையில் ஓர் உருண்டை மேலேறி வருவது தெரியும். தாடை பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். கண்ணோரம் ஈக்கள் மொய்த்தன. காதை மட்டும் ஆட்டியது. ஒருமுறை மண்ணில் புரண்டது. தூசி எழுந்து வந்து கூடாரத் துணியின் மேல் சரசரவென்று விழுந்தது. நாங்கள் உள்ளே இருப்பது அதற்குத் தெரியும். ஒருமுறை திரும்பி வலைக் கதவை நேராகப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

இதற்குள் பசுக்களும் கன்றுகளுமாக ஒரு கூட்டம் ஆற்றுப் பக்கமிருந்து வந்து கேம்ப்கிரவுண்டின் உள்சாலையில் நின்றுவிட்டது. சில உட்கார்ந்தும் விட்டன. பிறந்து ஒன்றிரண்டு மாதமே ஆன கன்றுகள் பைசன் நிறத்தில் இருக்காது. செங்கல்லும் ஆரஞ்சும் கலந்த நிறம். அவை தாயைக் கூப்பிடும் சத்தம் கிட்டத்தட்ட பன்றி உறுமுவது போல இருக்கும். பெரிய மோட்டார் வீடு ஒன்றில் வந்திருந்த ஒருவர் அன்று காலையிலேயே கிளம்ப வேண்டியவர். எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு ஹாரன் அடித்தார். கூட்டம் நகரவில்லை. ஒரு பசு மட்டும் திரும்பியது. அதன் வால் மெல்ல மேலே எழுந்து வளைந்து நின்றது. வால் தூக்கினால் அடுத்து முட்ட வரலாம் என்று படித்திருந்தேன். என் வயிற்றில் ஏதோ இறுகியது. காரணம், அந்தப் பசுவுக்கு அடுத்து இருந்தவர்கள் அந்த மோட்டார் வீட்டுக்காரர் இல்லை. அவரைச் சுற்றி இரும்பு இருந்தது. எங்களைச் சுற்றி இருந்தது துணி.

அந்த அம்மா தன் டிரெய்லரிலிருந்து இறங்கி, மரங்களின் மறைவாகச் சுற்றிப் போய், மோட்டார் வீட்டின் ஜன்னல் அருகே நின்று அதற்குள் இருந்தவரிடம் ஏதோ பேசினார். ஹாரன் நின்றது. எஞ்சினும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ரேஞ்சர் ஒருவர் வண்டியில் வந்தார். விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தூரத்திலேயே நிறுத்தி, வண்டிக்குள் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். பூங்காவின் அதிகாரியும் காத்திருக்கிறார், அவசரக்காரரும் காத்திருக்கிறார், நாங்களும் காத்திருக்கிறோம். ஒன்பது மணிக்கு மேல் ஆகியும் காளை எழவில்லை. எங்கள் திட்டப்படி அந்நேரம் 'கேப்ராக் கூலி' (Caprock Coulee) என்ற நடைபாதையில் பாதி நடந்திருக்க வேண்டும். மகள்தான் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "பரவாயில்லப்பா, அது எந்திரிக்கட்டும்" என்றாள்.

அந்த வார்த்தைகளை நான் வேறொரு இடத்தில் கேட்டு வளர்ந்தவன். நான் குன்னூர்க்காரன். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை நின்றால் அம்மாச்சி என் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். கல் எடுக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். "நிக்கட்டும், அதுக்கு வேலை இருக்கும்" என்பார். பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது என்று நான் அழுதாலும் அவர் அசைய மாட்டார். அங்கே வேலியும் கிடையாது, பூங்காவும் கிடையாது. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அந்த விலங்கோடு ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொண்டு இன்றைக்கும் நடக்கிறார்கள், சில சமயம் முட்டுப்பட்டுச் சாகவும் செய்கிறார்கள். அதைக் காதல் கதையாக்க எனக்கு மனமில்லை. ஆனால் யார் வழி விடுவது என்ற கேள்விக்கு அம்மாச்சியிடம் எப்போதும் பதில் இருந்தது.

புல் இருக்கிற இடம்

காளை எழுந்து போனபின் அந்த அம்மா எங்களைக் காபிக்குக் கூப்பிட்டார். அந்த மோட்டார் வீட்டுக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ரோடு போட்டவர்கள் நல்ல புல் இருக்கிற இடத்தில் போட்டுவிட்டார்கள், மாடுகளைக் குறை சொல்லாதீர்கள் என்றேன்" என்றார். அதைக் கேட்ட பிறகு அந்த இடத்தை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

பேட்லேண்ட்ஸ் என்று சொல்லப்படும் இந்த அரித்துப்போன குன்றுகளில் பாதிக்கு மேல் வெறும் களிமண். மழை பெய்தால் சோப்பு போல வழுக்கும். வெயில் அடித்தால் வெடித்துப் பிளக்கும். வடக்கு பார்த்த சரிவுகளில் மட்டும் ஈரம் தங்கி ஜூனிபர் வளர்கிறது. புல்லும் நிழலும் தண்ணீரும் சேர்ந்து இருப்பது ஆற்றோரச் சமவெளியில்தான். ஆறு பெருகி வண்டல் படிந்த இடம் அது. காட்டன்வுட் விதை முளைப்பதற்கே வெள்ளம் வடிந்த ஈரச் சேறு வேண்டும். கூடாரம் போடத் தட்டையான, நிழலான இடம் தேடிய மனிதர்களும் அங்கேதான் வந்தார்கள். பைசன்கள் கேம்ப்கிரவுண்டுக்கு 'வருகின்றன' என்று நாம் சொல்கிறோம். அவை மேய்ச்சலுக்குப் போகின்றன. அங்கே நாம் மேசை போட்டு வைத்திருக்கிறோம். அந்த மேசையும் அவற்றுக்கு முதுகு சொறிய உதவுகிறது, அவ்வளவுதான்.

இதே லிட்டில் மிசௌரி ஆறு கிழக்கே ஓடி சகாகாவியா ஏரியில் கலக்கிறது. அது 1953-இல் மிசௌரி ஆற்றின் குறுக்கே கேரிசன் அணையால் நீரை அடைத்ததால் உண்டான நீர்த்தேக்கம். மாண்டன், ஹிடாட்சா, அரிகாரா பழங்குடி மக்களின் ஃபோர்ட் பெர்தோல்ட் நிலத்தில் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேல் அதில் மூழ்கியது. மூழ்கியது வெறும் தரிசு இல்லை. இதே மாதிரி காட்டன்வுட் நின்ற ஆற்றோர வண்டல் நிலம், அவர்கள் சோளமும் பீன்ஸும் விளைவித்த நிலம், ஊர்கள் இருந்த நிலம். ஜூனிபரில் மரத்தடியில் உட்கார்ந்து 'என்ன அழகான இடம்' என்று சொல்லும்போது, இதே ஆற்று வரிசையில் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன என்பதும் நினைவுக்கு வரத்தான் வேண்டும். மீதி இருப்பது கொஞ்சம். அதனால்தான் அந்தக் கொஞ்சத்தில் எல்லாம் கூடி நிற்கின்றன. 'வனவிலங்குகள் ஏராளம்' என்று நாம் மகிழ்ந்து எழுதும் அந்த ஏராளத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

வேலி

சரி, நண்பர் சொன்ன வேலிக்கு வருகிறேன். 1883 செப்டம்பரில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரூஸ்வெல்ட் இந்தப் பக்கம் முதன்முதலாக வந்தார். அப்போது வயது 24. வந்தது பைசன் வேட்டைக்கு. மழையில் பல நாள் அலைந்துதான் ஒரு காளை கிடைத்தது. கோடிக்கணக்கில் இருந்த விலங்கு, தேடினாலும் கிடைக்காத நிலைக்கு அப்போதே வந்துவிட்டது. ரயில் வந்துவிட்டது, தோல் வியாபாரம் நடந்தது. பைசனை நம்பி வாழ்ந்த பழங்குடிகளை அடக்க நினைத்தவர்களுக்கு பைசன் அழிவதும் வசதியாக இருந்தது. 1880-களின் இறுதியில் கண்டம் முழுவதிலும் சுமார் ஆயிரம்தான் மிஞ்சின. அந்த வேட்டைக்காரரே 1905-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க பைசன் சங்கத்தின் கௌரவத் தலைவரானார். அவர் பெயரில் இந்த இடம் 1947-இல் நினைவுப் பூங்காவாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. ஆனால் நினைவுப் பூங்கா வந்தபோது அதில் பைசன் இல்லை. 1956-இல் நெப்ராஸ்காவின் ஃபோர்ட் நியோப்ரராவிலிருந்து 29 பைசன்களைக் கொண்டுவந்து தெற்குப் பகுதியில் விட்டார்கள். 1962-இல் அங்கிருந்து 20 பைசன்களை வடக்குப் பகுதிக்கு மாற்றினார்கள். எங்கள் கூடாரத்துக்கு முன்னால் படுத்திருந்த காளை அந்த இருபதின் வழி வந்தது.

ஆகவே அது மனிதர் கொண்டுவந்து விட்ட விலங்கு, வேலிக்குள் வாழும் விலங்கு, எண்ணிக்கை பார்க்கப்படும் விலங்கு. எல்லாம் சரி. ஆனால் அந்த வேலியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வெளியே இருப்பது பண்ணை நிலமும் எண்ணெய்க் கிணறுகளும் 85-ஆம் எண் சாலையும். அன்று மாலை சாலை முடியும் ஆக்ஸ்போ முனைக்குப் போனோம். வடக்கே ஓடிக்கொண்டிருந்த லிட்டில் மிசௌரியைப் பனியுகத்தில் பனிப்பாறை வந்து மறித்து, கிழக்கே திருப்பிவிட்ட வளைவு அங்கிருந்து தெரிகிறது. ஆறு வளைகிற அந்தப் பெரிய வெளியை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்டத் தொடங்கியதும் தொடுவானத்தில் எண்ணெய் வயல்களின் தீ ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டோம். பூங்காவின் 24,000 ஏக்கர் வடக்குப் பகுதிக்கு வெளியே நிலம் முழுவதும் வேறு வேலையில் இருக்கிறது. அந்த வேலி பைசனைச் சிறை வைக்க மட்டும் இல்லை. நம்மிடமிருந்து ஒரு பங்கைப் பிரித்து வைப்பதற்கும் அதுதான் இருக்கிறது. நண்பர் வேலியின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மிருகக்காட்சி சாலைக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், எனக்கு அந்தக் காலை நேரம்தான் கண்முன் வருகிறது. ஜூவில் திறக்கும் நேரம், மூடும் நேரம், தீனி போடும் நேரம் எல்லாம் பலகையில் எழுதியிருக்கும். அந்த நேரங்கள் நமக்காக வைத்தவை. விலங்கு நமக்காகக் காத்திருக்கிறது. ஜூனிபரில் அப்படி ஒரு பலகையை யாராலும் எழுத முடியாது. என் நடைத்திட்டம், மோட்டார் வீட்டுக்காரரின் பயணம், ரேஞ்சரின் அலுவல் எல்லாமே ஒரு காளை அசை போட்டு முடிக்கும் வரை நின்றன. அதை எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை என்பதை அங்கே சம்பளம் வாங்கும் அதிகாரியே ஏற்றுக்கொண்டு காபி குடிக்கிறார். காடு என்பதற்கு வேலி இல்லாமை மட்டுமே அடையாளம் என்றால், பூமியில் இன்று காடு என்று சொல்ல மிச்சம் ஒன்றும் இருக்காது. எனக்கு அடையாளம் வேறு. அங்கே யாருடைய நேரத்துக்கு யார் கட்டுப்படுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. அதிகப்படியான பைசன்களை லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று நண்பர் குற்றமாகச் சொன்னார். அவற்றில் பல பழங்குடி மக்களின் மந்தைகளுக்குப் போகின்றன. பைசன் அழிந்தபோது பாதிக்கப்பட்டது அந்த விலங்கு மட்டும் இல்லை, அதோடு வாழ்ந்த மக்களும்தான். அவர்கள் நிலத்தில் மறுபடியும் பைசன் மேய்வதற்கு இந்த வேலிக்குள் பிறந்த கன்றுகள் போய்ச் சேர்கின்றன என்றால், அந்த லாரியை நான் வரவேற்கவே செய்கிறேன். இன்னும் நிறையப் போக வேண்டும். பிடித்து, அடைத்து, ஊசி போட்டு அனுப்பும் அந்த நாட்களில் விலங்குகளுக்கு உண்டாகும் மிரட்சியைக் குறைக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஹெலிகாப்டரை விட்டு, நாளெடுத்துப் பொறுமையாகக் கூட்டிச் சேர்க்கும் முறைக்குப் பூங்காக்கள் நகர்வது நல்ல விஷயம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூனிபருக்கு வார நடுவில், மதியத்துக்குள் போய்ச் சேருங்கள். இரண்டு கதவுள்ள கூடாரம் இருந்தால் அதையே எடுத்துப் போங்கள், ஒரு கதவு மரத்தையோ புதரையோ பார்த்து இருக்கட்டும். ராத்திரிக்குத் தண்ணீரைக் காரிலேயே விட்டுவிடாமல் உள்ளே கொண்டுவந்து வையுங்கள். ஜூனில் உண்ணிகள் அதிகம், நடந்துவிட்டு வந்ததும் குழந்தைகளின் காலையும் கழுத்தையும் பாருங்கள். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் இணைசேரும் காலம் என்பதால் காளைகள் முரட்டுத்தனமாக இருக்கும், சின்னக் குழந்தைகளோடு போவதானால் அதைத் தவிர்ப்பது நல்லது. புல் இல்லாத மண் வட்டம் இருந்தால் அங்கே மட்டும் காரை நிறுத்தாதீர்கள். முக்கியமாக, மறுநாள் காலையில் ஒரு திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள். மெடோராவில் மதியச் சாப்பாடு என்று யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால், முதல் நாளே போன் செய்து சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். பள்ளத்தாக்குக்குள் போனபின் சிக்னல் கிடைப்பது சிரமம்.